புதுப்பிப்பு: புழுக்கள் பிழைத்துவிட்டன

முன்பு எழுதியதன் சுருக்கம்: ஊர்ப் பெண்கள் சேர்ந்து மண்புழு உரம் தயாரித்து விற்கத் தொடங்கினோம், முதல் தொட்டியில் விட்ட புழுக்கள் அத்தனையும் செத்துப்போயின. எங்கே தப்பு என்று கேட்டிருந்தேன்.

பச்சைச் சாணம்தான் காரணம். மட்கும்போது அது சூடாகும். 35 டிகிரியைத் தாண்டினால் புழு தாங்காது. இப்போது சாணத்தையும் சருகையும் கலந்து 2, 3 வாரம் மட்கவிட்டு, உள்ளே கையை விட்டுப் பார்த்து, சூடு இல்லையென்றால்தான் புழு விடுகிறோம். ஒரு பிடி அள்ளிப் பிழிந்தால் ஓரிரு சொட்டு கசிய வேண்டும், ஒழுகக் கூடாது. ஈரத்துக்கு அதுதான் அளவு.

அப்புறம், அப்போது எழுதாமல் விட்ட பெரிய தலைவலி: கணக்கு நோட்டு என்னிடம் மட்டுமே இருந்தது. நான் இரண்டு வாரம் ஊரில் இல்லை, விற்பனையே நின்றுபோனது. இப்போது எழுதும் பொறுப்பு மாதம் ஒருவருக்கு. கூட்டத்தில் எல்லோர் முன்னும் உரக்க வாசிக்கிறோம். படித்துவிட்டு வீட்டில் இருந்த இரண்டு பிள்ளைகள் ஆர்டர்களைப் பார்த்துக்கொள்கிறார்கள். தொட்டிப் பக்கம் கூப்பிட்டால் மட்டும் மூக்கைப் பிடிக்கிறார்கள். நன்றாக மட்கிய உரத்தில் மண் வாசனைதான் வரும் என்று சொல்லிப் பார்த்தாயிற்று!