ஒவ்வொரு சுற்றும் இனிஷியேட்டிவ் (சண்டையில யார் முதல் எண்ட வரிசை) திரும்ப உருட்டலாமா?

கல்லடி, கல்முனைப் பக்கம் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (பகடை உருட்டி ஆடுற கதை விளையாட்டு) 5ஆம் பதிப்பு நடத்துற ஆக்கள் இருந்தா உதவுங்க. 2014 விதி, 2024 இல்ல.

மேசையில 5 பேர், எதிரில 8 கொப்ளின் (குட்டிப் பூதம்). ஒரே வகை எதிரிக்கு ஒரே உருட்டல்தானே: 20 பக்கப் பகடையோட டெக்ஸ்டெரிட்டி (சுறுசுறுப்பு) மொடிஃபையர் கூட்டுறது. அது 19 விழுந்தா எட்டும் வரிசையா அடிக்கும். முதல் லெவல் விசார்ட்டுக்கு (மந்திரவாதி) கொன்ஸ்டிடியூஷன் (உடல் வலு) +2 எண்டாலும் 8 ஹிட் பொயின்ட்தான் (உயிர்ப் புள்ளி). தன்ட முறை வரமுதல் ஆள் சாய்ஞ்சிடும். நாலு நாலாப் பிரிச்சு ரெண்டு தரம் உருட்டினா அது சரி.

சிக்கல் வேற. மேசையில இருக்கிற ஆக்கள் ஒவ்வொரு சுற்றும் புதுசா உருட்டச் சொல்றாங்க. அப்ப "உன் அடுத்த முறை முடியும்வரை" எண்டு நிக்கிற மந்திரம் என்னாகும்? இந்தச் சுற்றில கடைசி, அடுத்ததில முதல் எண்டு வந்தா இடையில எதிரிக்கு ஒரு முறையும் இல்ல, மந்திரம் வீண். மாறி வந்தா எதிரி ரெண்டு முறை மாட்டும். ரியாக்‌ஷனும் (மற்றவர் முறையில செய்யிற பதில் செயல்) அப்படித்தான், அவரவர் முறை தொடங்கேக்குள்ளதானே திரும்பக் கிடைக்கும்.

மந்திரம் போட்ட இனிஷியேட்டிவ் எண்ணிலயே, அடுத்த சுற்றில அதை முடிச்சு விளையாடிப் பார்த்தீங்களா? கணக்கு எங்க இடிக்குது? இல்லாட்டி அணிக்கு ஒரு உருட்டல் போதுமா?