சூடோ (நிர்வாகி) உரிமை போய்விட்டது, மீட்க வழி சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. வீட்டுக் கணினியில் உபுண்டு 22.04 இயங்குதளம் இருக்கிறது. தங்கைக்கு ஆட்யூசர் கட்டளையில் தனிக் கணக்கு தொடங்கினேன். அது சரியாக வந்தது. அப்புறம் எங்கள் இருவருக்கும் பொதுவான குழுவில் என்னைச் சேர்க்க யூசர்மாட் கட்டளை கொடுத்தேன். அதில் பெரிய ஜி (-G) மட்டும் போட்டேன், சின்ன ஏ (-a) போட மறந்துவிட்டேன். அது இல்லாவிட்டால் பழைய துணைக் குழுக்கள் எல்லாவற்றிலிருந்தும் நம்மை எடுத்துவிடுமாம்! ஓரெழுத்து செய்த வம்பு. மறுபடி உள்நுழைந்தால் சூடோ குழுவில் நான் இல்லை. ரூட் என்ற முதன்மை நிர்வாகிக் கணக்குக்குக் கடவுச்சொல்லும் வைத்ததில்லை.

ரெக்கவரி மோடில் (பழுது பார்க்கும் நிலையில்) போய் என்னைத் திரும்பச் சேர்த்தால் போதுமா? அங்கே வட்டு படிக்க மட்டும் திறந்திருந்தால் எழுதும் நிலைக்கு எப்படி மாற்றுவது? ஏடிஎம் (adm), பிளக்டெவ் (plugdev) குழுக்கள் தவிர வேறு எந்தக் குழுக்களில் சேர வேண்டும்? கட்டளையை எழுத்தெழுத்தாகச் சொன்னால் நல்லது, இன்னொரு முறை சொதப்பத் தெம்பில்லை.