ஃபெஸ்கியூ புல்லை ஒழித்து நாட்டுப் புல்வெளியை மீட்பது எப்படி?

கேள்வி:
அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் நாங்கள் வாங்கிய பழைய மேய்ச்சல் நிலம் முழுவதும் ‘கென்டக்கி 31’ எனப்படும் டால் ஃபெஸ்கியூ புல் மண்டிக் கிடக்கிறது. பாப்வைட் காடைகள் வந்து தங்க வேண்டும் என்பதற்காகச் சென்ற வசந்தத்தில் உழுது, நாட்டுப் புல் விதைகளைத் தூவினோம். ஜூலைக்குள் ஃபெஸ்கியூவே மீண்டும் எழுந்துவிட்டது. எங்கே தவறினோம்?

மறுமொழி 1:
உழவுதான் தவறு, மண்ணுக்குள் உறங்கும் விதைகளை அது மேலே கொண்டுவந்துவிடும். கோடையின் இறுதியில் புல்லை வெட்டி அகற்றி, புதுத் துளிர் ஒரு சாண் வளர்ந்தபின், உறைபனியில் நாட்டுச் செடிகள் பழுத்துக் காய்ந்து ஃபெஸ்கியூ மட்டும் பச்சையாக நிற்கும் நாள்களில் கிளைபோசேட் என்னும் களைக்கொல்லியைத் தெளியுங்கள். அப்போது அந்தப் புல் உணவை வேருக்கு அனுப்பிக்கொண்டிருப்பதால் மருந்தும் வேர்வரை இறங்கும். தப்பியவற்றுக்கு வசந்தத்தில் மறுபடி தெளிக்க வேண்டும்.

மறுமொழி 2:
விதைப்பதற்கு அவசரப்படாதீர்கள். நாங்கள் இரண்டு ஆண்டு சோயா பயிரிட்டுக் களை விதைகளைக் குறைத்த பிறகே, ஜனவரியில், உறைந்த வெறும் மண்மீது விதைத்தோம். முதல் ஆண்டில் புளூஸ்டெம் என்னும் நாட்டுப் புல் மெலிந்த இழைபோலத்தான் தெரியும். அதன் வளர்ச்சியெல்லாம் வேரில் நடக்கிறது. களை உயரும்போதெல்லாம் தரையிலிருந்து ஒரு சாண் உயரமாவது விட்டு வெட்டிவிடுங்கள்.

ஃபெஸ்கியூ மெத்தைபோல் அடர்வதால், கட்டைவிரல் அளவேயுள்ள காடைக்குஞ்சு அதற்குள் நடக்கவே முடியாது. கொத்துக் கொத்தாக வளரும் நாட்டுப் புற்களின் இடையிலுள்ள வெறும் மண்தான் அதற்குப் பாதை. ஆகவே புல் விதையைக் குறைத்து, பூச்செடி விதையைக் கூட்டுங்கள்.