900 பேப்பர் போட்டவரா, 40 பேப்பர் போட்டவரா? துகள் இயற்பியலில் யாரிடம் பி.எச்டி. சேர்வது?

நுண்துகள்:
எம்.எஸ்சி. முடிக்கப் போகிறேன், பி.எச்டி.க்கு கைடு தேடுகிறேன். இரண்டு பேரைப் பார்த்து வைத்திருக்கிறேன். ஒருவர் செர்ன் துகள் இயற்பியல் ஆய்வகத்தில் அட்லஸ் என்ற பெரிய சோதனைக் குழுவில் இருப்பவர், இத்துறைக் கட்டுரைகளைத் தேடும் இன்ஸ்பயர் தளத்தில் பெயரைப் போட்டால் 900 பேப்பருக்கு மேல் கொட்டுகிறது. இன்னொருவர் முடுக்கிப் பொறியியல்காரர், நியோபியம் உலோகத்தில் மீக்கடத்தி கேவிட்டி (உள்ளே மின்புலம் கொடுத்துத் துகள்களை முடுக்கும் கூடு) செய்கிறார், மொத்தமே 40 சொச்சம்தான், அதிலும் பாதிக்கு மேல் மாநாட்டுக் கட்டுரைகள். எனக்குப் பிடித்தது கேவிட்டி வேலை. ஆனால் நண்பர்கள் எல்லாரும் 900காரரிடம் போ என்கிறார்கள், எனக்கும் எண்ணிக்கையைப் பார்த்தால் பயமாக இருக்கிறது. ஒரு மனிதர் எப்படி இத்தனை எழுத முடியும்?

மூன்றாம் ஷிஃப்டு:
தனியாக எழுத முடியாது, அவர் எழுதியதாகச் சொல்லவும் இல்லை. அட்லஸில் சுமார் ஒரு வருஷம் குழுவுக்கான தொழில்நுட்ப வேலை ஒன்றைச் செய்து தகுதி பெற்றுவிட்டால், அப்புறம் குழு வெளியிடும் பேப்பர்களில் எல்லாம் அகர வரிசையில் பெயர் வரும். 2015இல் அட்லஸும் செர்னின் இன்னொரு குழுவான சிஎம்எஸ்ஸும் சேர்ந்து ஹிக்ஸ் துகளின் நிறை பற்றிப் போட்ட பேப்பரில் 5,154 பேர், 33 பக்கத்தில் 24 பக்கம் பெயர்களும் நிறுவனங்களும்தான். இதில் தப்பே இல்லை, ராத்திரி ஷிஃப்டு பார்த்தவரும் கேபிள் இழுத்தவரும் இல்லாமல் அந்த அளவீடு கிடையாது. ஆனால் அவர் கை எதில் பட்டது என்பதைப் பட்டியல் காட்டாது. இன்ஸ்பயரில் ஓரமாக ஆசிரியர் எண்ணிக்கைக்கு ஒரு வடிகட்டி இருக்கும், '10 பேர் அல்லது குறைவு' என்பதை டிக் செய்து, மிஞ்சுவதைப் படித்துப் பாருங்கள்.

கற்றைவழி:
நான் முடுக்கிப் பக்கம். இங்கே வேலை பெரும்பாலும் ஐபேக், லினாக் மாதிரி மாநாடுகளில்தான் பதிவாகும், மூன்று நான்கு பக்கம், அந்தக் கட்டுரைகளைச் சேர்த்து வைக்கும் ஜாகோவ் தளத்தில் இலவசமாகவே படிக்கலாம். பக்கம் குறைவு என்று தள்ளிவிடாதீர்கள். சைமன் வான் டெர் மீர் முனைவர் பட்டம் வாங்காத பொறியாளர். துகள் கற்றையைக் குளிர்விக்கும், அதாவது தாறுமாறாக ஓடும் துகள்களை ஒழுங்குக்குக் கொண்டுவரும் ஸ்டொகாஸ்டிக் கூலிங் யோசனை அவருக்கு 1968லேயே வந்தது, நடக்கிற காரியமாகத் தெரியவில்லை என்று வெளியிடாமல் வைத்திருந்து 1972இல் செர்னின் உள் அறிக்கையாகத்தான் போட்டார். அந்த வழியில்தான் எதிர்ப்புரோட்டான்களைச் சேர்த்து மோதவிட்டார்கள், 1983இல் டபிள்யூ, இசட் என்ற துகள்கள் கிடைத்தன, 1984இல் அந்தத் தேடலை முன்னின்று நடத்திய கார்லோ ருபியாவோடு அவருக்கும் நோபல். 1968இல் இன்னொரு உள் அறிக்கையும் எழுதினார்: மோதும் கற்றைகளில் ஒன்றைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, மோதல் எப்படிக் குறைகிறது என்று எண்ணி ஒளிர்மையை, அதாவது கற்றைகள் எவ்வளவு மோதல் தரும் என்பதை, அளப்பது. இன்றைக்கும் அட்லஸ் இருக்கும் செர்னின் எல்எச்சி மோதுவியில் அந்த ஸ்கேன் ஓடுகிறது. உங்கள் 900காரரின் பேப்பர்களில் எத்தனையோ அளவீடுகள் அதன் மேல்தான் நிற்கின்றன.

கேவிட்டிக்காரரின் கட்டுரையில் கியூ வளைகோட்டை, அதாவது மின்புலம் ஏற ஏற கேவிட்டி ஆற்றலை எவ்வளவு வீணாக்காமல் வைத்திருக்கிறது என்ற படத்தை, பாருங்கள். குவெஞ்ச் ஆன, அதாவது மீக்கடத்தல் சட்டென்று போய்விட்ட இடத்தை மறைக்காமல் காட்டுகிறாரா, காரணம் தேடியிருக்கிறாரா என்று பாருங்கள். எனக்கு அது போதும்.

நுண்துகள்:
வடிகட்டியதில் 900காரருக்கு 14 மிஞ்சியது. நாலு படித்தேன், மியூவான் டிடெக்டர் பற்றியவை, நல்ல வேலை, அவரைக் குறைத்து நினைக்கத் தோன்றவில்லை. கேவிட்டிக்காரரின் கட்டுரை ஒன்றில், எதிர்பார்த்த மின்புலத்தை எட்டுவதற்கு முன்பே குவெஞ்ச் ஆனதைப் போட்டு, வெல்டிங் ஓரத்தில் இருந்த சின்னக் குழியைப் படத்தோடு காட்டியிருக்கிறார். அந்தப் படத்தைப் பற்றிக் கேட்டு மெயில் போட்டேன், வியாழக்கிழமை ஆய்வகத்துக்கு வரச் சொல்லியிருக்கிறார்.