தடைபட்ட பருவத்தில் கிரேடு முறையை மாற்றியவர்கள்: அனுபவப் பகிர்வு

திரியைத் தொடங்கியவர், பாளையங்கோட்டை

சென்ற வாரம் என் சித்தி மகன் தொலைபேசியில் அழைத்தான். அவன் வெளிநாட்டில் படிக்கும் வளாகத்தில் பருவத்தின் நடுவிலேயே வகுப்புகள் நின்றுபோயிருக்கின்றன. எந்தப் பாடத்துக்கு ஏ, பி, சி என்ற எழுத்துக் கிரேடு வேண்டும், எந்தப் பாடத்துக்குத் தேர்ச்சி என்று மட்டும் பதிந்தால் போதும் என்பதை வெள்ளிக்கிழமைக்குள் தெரிவிக்கச் சொல்லி மின்னஞ்சல் வந்திருக்கிறது. "எல்லாவற்றையும் பாஸ் என்று மாற்றிவிட்டால் நிம்மதிதானே, அக்கா?" என்று கேட்டான். அவனுக்கு ஒரு வரியில் பதில் சொல்ல என்னால் முடியவில்லை. இதே நிலையைக் கடந்து வந்த உறுப்பினர்கள் தங்கள் அனுபவத்தையும் எழுதினால் அவனைப் போன்றவர்களுக்கு உதவும் என்று கருதி என்னுடையதை முதலில் எழுதுகிறேன்.

2020 வசந்தகாலப் பருவத்தில் நான் கலிபோர்னியாவில் ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு இளநிலை மாணவி. மார்ச் இரண்டாம் வாரத்தில் வகுப்புகள் இணையத்துக்கு மாறின. மார்ச் 22 முதல் இந்தியாவுக்குள் பன்னாட்டு விமானங்கள் வராது என்ற அறிவிப்பு நடைமுறைக்கு வருவதற்கு மூன்று நாட்கள் முன்னதாக ஊர் வந்து சேர்ந்தேன். மாடியறையில் பதினான்கு நாட்கள் தனித்திருந்தேன். அதன் பிறகும் அதுவே என் வகுப்பறையாக இருந்தது. அப்போது கலிபோர்னியாவுக்கும் நமக்கும் பன்னிரண்டரை மணி நேர வித்தியாசம். அங்கே காலை ஒன்பதரை மணி வகுப்பு எனக்கு இரவு பத்து மணிக்குத் தொடங்கும்; பிற்பகல் மூன்று மணி வகுப்பு விடியற்காலை மூன்றரைக்கு. நிகழ்தகவுப் பாடத்தின் இடைத்தேர்வு நடந்துகொண்டிருந்தபோது மின்சாரம் போயிற்று. அப்பா கீழே கடையிலிருந்த இன்வெர்ட்டரைப் பேட்டரியோடு மாடிக்குத் தூக்கி வந்து இணைப்பதற்குள், அம்மா டார்ச் அடிக்க, எழுதிய தாள்களைக் கைபேசியில் படமெடுத்து அனுப்பினேன். கடைசிக் கேள்விக்கு எழுதிய இரண்டு பக்கங்கள் போய்ச் சேரவே இல்லை.

ஏப்ரலில் எங்கள் பல்கலைக்கழகம் எல்லாப் பாடங்களையும் தானாகவே தேர்ச்சி அல்லது தேர்ச்சியின்மை என்ற முறைக்கு மாற்றிவிட்டு, எழுத்துக் கிரேடு வேண்டுவோர் குறிப்பிட்ட நாளுக்குள் தாங்களே திருப்பி மாற்றிக்கொள்ளலாம் என்றது. சி மைனஸும் அதற்கு மேலும் தேர்ச்சி. தேர்ச்சி என்று பதிவானால் கிரெடிட் கிடைக்கும், ஜிபிஏ என்ற சராசரிக் கணக்கில் சேராது. சாதாரணக் காலத்தில் இத்தனை பாடங்களுக்கு மேல் இவ்வாறு எடுக்கக் கூடாது, முதன்மைப் பாடங்களுக்கு இது பொருந்தாது என்றெல்லாம் வரம்புகள் உண்டு. அந்தப் பருவத்துக்கு அவை தளர்த்தப்பட்டன.

மற்ற இடங்களில் வேறு முடிவுகள் எடுக்கப்பட்டன. ஹார்வர்டு, கொலம்பியா, ஸ்டான்ஃபோர்டு ஆகியவற்றில் இளநிலை மாணவர்கள் எவருக்கும் எழுத்துக் கிரேடு கிடையாது என்று பொதுவாகவே அறிவித்துவிட்டார்கள். எம்ஐடி அந்தப் பருவத்துக்கென்று அவசரகாலத் தேர்ச்சி, பதிவின்மை என்று தனிக் குறியீடுகளையே உருவாக்கியது. யேல் முதலில் விருப்பத் தேர்வாகத்தான் வைத்தது. மாணவர்கள் வற்புறுத்திய பிறகு ஏப்ரலில் அனைவருக்கும் ஒரே முறை என்று மாற்றியது. கார்னெல் தேர்வை மாணவரிடமே விட்டது. நமக்குத் தேர்ந்தெடுக்கும் உரிமை கிடைத்ததே என்று அன்று மகிழ்ந்தேன். இன்று கேட்டால், அனைவருக்கும் ஒரே முறை என்று அறிவித்தவர்கள்தான் மாணவர்களைக் காப்பாற்றினார்கள் என்பேன். தேர்ந்தெடுக்கலாம் என்று சொன்ன கணத்திலிருந்து, தேர்ச்சி என்ற அந்தப் பதிவு ஏதோ ஒன்றைச் சொல்லத் தொடங்கிவிடுகிறது. தனியறையும் தடையில்லாத இணையமும் இருந்த என் வகுப்புத் தோழி ஏ கிரேடை வைத்துக்கொண்டாள். மூன்று தம்பி தங்கைகளோடு ஒரே மேசையைப் பகிர்ந்துகொண்ட இன்னொருத்தி எல்லாவற்றையும் பாஸ் ஆக்கினாள். இருவரின் மதிப்பெண் பட்டியலையும் அருகருகே வைத்துப் பார்ப்பவருக்கு அந்த மேசை தெரியப்போவதில்லை. கல்லூரியே கட்டாயமாக்கியிருந்தால் மட்டும் தேர்ச்சிப் பதிவை ஏற்போம் என்று சில மருத்துவக் கல்லூரிகள் அறிவித்தது இதை இன்னும் கடினமாக்கியது.

கெடு கலிபோர்னிய நேரப்படி இரவு 11:59. நமக்கு அது மறுநாள் பகல் 12:29. விடியற்காலையிலிருந்து மடிக்கணினி முன்னால் உட்கார்ந்திருந்தேன். நாட்காட்டியிலிருந்து கிழித்த தாளின் பின்புறத்தில் நான்கு பாடங்களையும், ஒவ்வொன்றிலும் அதுவரை வாங்கிய மதிப்பெண்ணையும், இறுதித் தேர்வில் எவ்வளவு எடுத்தால் எந்தக் கிரேடு வரும் என்பதையும் எழுதி வைத்திருந்தேன். திரையில் ஒவ்வொரு பாடத்தின் பக்கத்திலும் ஒரு சிறிய கட்டம். அம்புக்குறியை அழுத்தினால் இரண்டே இரண்டு வரிகள் விரியும். தரவுக் கட்டமைப்புகள், கட்டுரைப் பயிற்சி, பொருளாதாரம் மூன்றையும் எழுத்துக் கிரேடுக்கு மாற்றினேன். நிகழ்தகவை மட்டும் அந்த இரவின் பயத்தினால் அப்படியே விட்டுவிட்டேன்.

இறுதித் தேர்வை நன்றாக எழுதினேன். எழுத்துக் கிரேடாக இருந்திருந்தால் ஏ மைனஸ் வந்திருக்கும் என்று பேராசிரியர் பின்னர் சொன்னார். மாற்றித் தர இயலுமா என்று அலுவலகத்துக்கு எழுதினேன்; கெடு முடிந்த பின் மாற்றம் இல்லை என்று இரண்டு வரியில் பதில் வந்தது. இரண்டு ஆண்டுகள் கழித்துப் புள்ளியியல் முதுகலைக்கு விண்ணப்பித்தபோது, நிகழ்தகவில் எழுத்துக் கிரேடு இருக்க வேண்டும் என்று ஒரு துறை கேட்டது. வகுப்பில் நான் எந்த இடத்தில் இருந்தேன் என்று அந்தப் பேராசிரியரே கடிதம் எழுதிக் கொடுத்தார். அதைவிட அதிகம் உதவியது, அடுத்த ஆண்டில் அதன் மேல்நிலைப் பாடத்தை எழுத்துக் கிரேடுக்கு எடுத்திருந்ததுதான். அடிப்படைப் பாடத்தில் இருந்த ஐயத்தை மேல்நிலைப் பாடத்தின் கிரேடு போக்கிவிட்டது என்று சேர்க்கைக் குழுவைச் சேர்ந்த ஒருவர் நேர்காணலிலேயே சொன்னார்.

முனைவர் பட்ட ஆய்வாளர், கலிபோர்னியா

சகோதரி எழுதியதைப் படித்தபோது மேசையின் மறுபக்கத்தில் இருந்தவன் என்ற முறையில் சிலவற்றைச் சேர்க்க வேண்டும் என்று தோன்றியது. 2022 நவம்பர் 14 அன்று கலிபோர்னியப் பல்கலைக்கழக வளாகங்களில் ஏறத்தாழ 48,000 கல்விப் பணியாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினோம். டிசம்பர் 23 வரை அது நீடித்தது. நான் கற்பித்தல் உதவியாளன். விடைத்தாள் திருத்துவது என் வேலை. இறுதித் தேர்வுக் காலம் இந்த இடைவெளிக்குள்ளேயே வந்துவிட்டதால் கிரேடு பதியும் கெடுவும், என் வளாகத்தில் கிரேடு முறையை மாற்றிக்கொள்ளும் கெடுவும் தள்ளிவைக்கப்பட்டன.

கோரிக்கை அட்டையைப் பிடித்துக்கொண்டு நுழைவாயிலில் நின்றிருந்த ஒரு நாள், என் பிரிவில் படித்த ஒரு மாணவி தேடி வந்தாள். குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவள், நிதியுதவியில் படிப்பவள். "கிரேடு இன்னும் வரவில்லை. பாஸ் என்று மாற்றிவிட்டால் உடனே வந்துவிடுமா?" என்று கேட்டாள். பலரும் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் இது. முறையை மாற்றுவதால் யாரோ ஒருவர் பதிய வேண்டிய முடிவின் பெயர்தான் மாறும். முடிவே பதியப்படாமல் காலியாகக் கிடந்தால் எந்த முறையில் இருந்தாலும் காலிதான். 2019 டிசம்பரில் சாண்டா குரூஸ் வளாகத்தில், வாடகைச் சுமையைச் சமாளிக்க மாதம் 1,412 டாலர் கூடுதலாகக் கேட்டு உதவியாளர்கள் கிரேடுகளை நிறுத்திவைத்தபோதும் மாணவர்கள் இதே கேள்வியைக் கேட்டார்கள் என்று அங்கிருந்த நண்பர்கள் சொல்லியிருக்கிறார்கள். நிதியுதவி அலுவலகத்துக்கு அந்தக் காலியிடம் முடிக்கப்படாத பாடமாகத் தெரியக்கூடும் என்பதால், அங்கே நேரில் போய் எழுத்துப்பூர்வமாக விளக்கம் வாங்கச் சொன்னேன். அவள் போய் வாங்கினாள். அவளுடைய விடைத்தாளை ஜனவரி முதல் வாரத்தில் திருத்தினேன். பி பிளஸ் வந்தது.

எஃப்-1 என்ற அமெரிக்க மாணவர் விசாவில் இருக்கும் நம் பிள்ளைகளுக்கு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நெருக்கடியான பருவத்தில் பாடத்தைக் கைவிடுவதும் முறையை மாற்றுவதும் ஒன்றல்ல. இளநிலை மாணவர் ஒரு பருவத்துக்குப் பொதுவாக 12 கிரெடிட்டுக்குக் குறையாமல் படித்தாக வேண்டும். தேர்ச்சி முறைக்கு மாற்றிய பாடம் அந்தக் கணக்கில் இருக்கும். கைவிட்ட பாடம் இருக்காது. பன்னாட்டு மாணவர் அலுவலகத்தைக் கேட்காமல் எதையும் கைவிட வேண்டாம்.

ஸ்காபரோ உறுப்பினர், டொராண்டோ

எங்கள் வீட்டில் வேலைநிறுத்தம் என்றால் எல்லோருக்கும் பழக்கம். யோர்க் பல்கலைக்கழகத்தில் 2008 நவம்பரில் தொடங்கி 85 நாட்கள் நீடித்த வேலைநிறுத்தத்தில் என் அண்ணா படித்துக்கொண்டிருந்தார். 2018 இல் நான். மார்ச் 5 அன்று தொடங்கியது, ஒன்ராறியோ சட்டமன்றம் சட்டம் இயற்றிய பிறகு ஜூலை 25 அன்றுதான் முடிந்தது. 143 நாட்கள். அதுவரை முடித்த ஒப்படைகளை (அசைன்மென்ட்களை) வைத்துக் கணித்த புள்ளியை ஏற்றுக்கொள்ளலாம், தேர்ச்சி என்று மட்டும் பதியலாம், பாடத்தையே விடலாம், அல்லது வகுப்பு மீண்டும் தொடங்கும்வரை காத்திருக்கலாம் என்று எங்களுக்குப் பல வழிகள் தரப்பட்டன. கோடை வேலைக்கு ஏற்கெனவே சம்மதித்திருந்தேன், காத்திருக்க இயலவில்லை.

ஆசிரியர் பயிற்சிக்கு விண்ணப்பிப்பது என் திட்டம். அங்கே சராசரிப் புள்ளியைப் பார்ப்பார்கள். தேர்ச்சிப் பதிவு சராசரியில் சேராது. அண்ணாதான் சாப்பாட்டு மேசையில் என்னை இருத்தி, ஒவ்வொரு பாடத்துக்கும் இரண்டு சராசரிகள் கணக்கிட்டுக் காட்டினார்: புள்ளியைச் சேர்த்தால் ஒன்று, சேர்க்காவிட்டால் ஒன்று. வரலாற்றுப் பாடத்தில் மிகப் பெரிய ஒப்படை இன்னும் கொடுக்கவில்லை. அதுவரை எழுதிய சிறிய ஒப்படைகளில் எனக்கு 82 இருந்தது. பெரிய ஒப்படையை எழுதாமலே 82 ஐ ஏற்பது நியாயமா என்று எனக்கு மனம் உறுத்தியது. "அது நீ உழைத்து வாங்கிய புள்ளி, தங்கச்சி. மிச்சத்தை எழுத முடியாமல் போனது உன்னுடைய பிழையில்லை" என்றார் அண்ணா. ஏற்றுக்கொண்டேன். ஆனால் ஒன்றை மறைக்க விரும்பவில்லை. அந்தப் பாடத்தின் கடைசி ஐந்து வாரங்களை நான் படிக்கவே இல்லை. இன்று அதே காலப்பகுதியைப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும்போது இரவில் உட்கார்ந்து நானும் சேர்ந்து படிக்கிறேன்.

பொறியியல் கல்லூரிப் பேராசிரியை, மதுரைப் பக்கம்

நீங்கள் மூவரும் எழுதியிருப்பது தேர்ந்தெடுக்கும் உரிமை பற்றி. எங்கள் மாணவர்களுக்கு 2020 இல் அந்த உரிமையே கிடைக்கவில்லை. நிலைமை சீராகாத இடங்களில் பாதி மதிப்பெண்ணை அகமதிப்பீட்டிலிருந்தும் மீதியை முந்தைய பருவத்திலிருந்தும் எடுத்துக்கொள்ளலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு ஏப்ரல் இறுதியில் வழிகாட்டியது. ஆகஸ்ட் 26 அன்று, தேர்வுக் கட்டணம் செலுத்தியிருந்தவர்களுக்கு இறுதிப் பருவம் நீங்கலான அரியர் தேர்வுகளிலிருந்து விலக்கு என்று அன்றைய முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி அறிவித்தார். ஊரெங்கும் வாழ்த்துப் பதாகைகள். அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏஐசிடிஇ அதை ஏற்கவில்லை. சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வழக்கும் போனது.

என் மாணவர் ஒருவர் எம் த்ரீ என்ற மூன்றாம் கணிதத் தாளில் மூன்று முறை தவறியவர். அந்த ஊரடங்கு முழுவதும் பழைய வினாத்தாள்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து, ஃபூரியர் தொடர் கணக்குகளை ஒரு நீளமான கணக்குப் புத்தகத்தில் எழுதி, வாரந்தோறும் வாட்ஸ்அப்பில் படம் அனுப்புவார். நான் சிவப்பு மையில் திருத்தித் திருப்பி அனுப்புவேன். இந்த முறை எழுபதுக்குக் குறையாமல் எடுத்திருப்பார் என்பதில் எனக்கு ஐயமில்லை. அறிவிப்பு வந்த அன்று மாலை அழைத்து, "மேடம், எனக்கு மட்டும் பரீட்சை எழுத வழி இருக்கா?" என்று கேட்டார். இல்லை என்று சொல்வதைத் தவிர எனக்கு வேறு வழியில்லை. பின்னர் ஒரு நிறுவன நேர்காணலில் அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே "கொரோனா பேட்ச்சா?" என்று கேட்டிருக்கிறார்கள். விரும்பியவர் தேர்வெழுதலாம், விரும்பாதவர் தேர்ச்சியை ஏற்கலாம் என்று ஒரு வரி சேர்த்திருந்தால் அந்தப் பையனுக்கு எவ்வளவு பெரிய உதவியாக இருந்திருக்கும்! அனைவருக்கும் ஒரே முறை என்பதுதான் காப்பாற்றும் என்று திரியைத் தொடங்கிய தங்கை எழுதியதை இந்த ஓர் இடத்தில் மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை.

அவர் இப்போது வெளிநாட்டில் முதுகலைக்கு விண்ணப்பிக்கிறார். அந்தப் பதிவை எப்படி விளக்குவது என்று கேட்கிறார். யாராவது வழி சொல்லுங்கள்.

திரியைத் தொடங்கியவர்

மேடம், நீங்கள் சொன்னதை இரண்டு நாட்களாக யோசித்துக்கொண்டிருந்தேன். எனக்கு உரிமை சுமையாக இருந்தது. உங்கள் மாணவருக்கு அது இல்லாததே இழப்பாகிவிட்டது. நான் எழுதியதில் இந்தப் பக்கத்தைப் பார்க்கவில்லை.

அவருடைய விண்ணப்பத்தில் நோக்கக் கட்டுரைக்குள் இதை நுழைக்க வேண்டாம். பெரும்பாலான விண்ணப்பங்களில் கூடுதல் விளக்கத்துக்கென்று தனிப் பகுதி இருக்கும்; அங்கே ஐந்தாறு வரிகளில், எந்தத் தேதியில் என்ன அறிவிக்கப்பட்டது, அவர் கட்டணம் செலுத்தித் தயாராக இருந்தார் என்பதை மட்டும் புகார் தொனியில்லாமல் எழுதலாம். பரிந்துரைக் கடிதத்தை நீங்களே எழுதுங்கள். வாரந்தோறும் நீங்கள் திருத்திக் கொடுத்ததை, எத்தனை வாரம், எந்தெந்தப் பாடப்பகுதி என்ற விவரத்தோடு எழுதுங்கள். எனக்கு உதவிய கடிதமும் அப்படித்தான் இருந்தது. அந்தக் கணக்குப் புத்தகம் அவரிடம் இன்னும் இருக்கிறதா?

சித்தி மகன் நேற்றிரவு நான்கு பாடங்களுக்கும் ஒரு தாளில் கணக்குப் போட்டு எனக்குப் படம் அனுப்பினான். ஒன்றை மட்டும் பாஸ் ஆக்கியிருக்கிறான். அவனுடைய முதன்மைத் துறைக்குத் தொடர்பில்லாத பாடம் அது. அட்வைசரிடம் கேட்டுவிட்டுத்தான் மாற்றினானாம்.