செப்டம்பரில் குங்ஸ்லேடன் நடந்தவர்கள் இருக்கிறீர்களா?

வணக்கம் நண்பர்களே. செப்டம்பர் முதல் வாரம் நானும் தங்கையும் ஸ்வீடனின் வடகோடியில் குங்ஸ்லேடன் பாதையில் நடக்கப்போகிறோம். முழு 440 கிலோமீட்டரும் இல்லை, அபிஸ்கோவிலிருந்து நிக்காலுவோக்தா வரை சுமார் 105 கிலோமீட்டர் மட்டும். ஸ்டாக்ஹோமிலிருந்து இரவு ரயில்.

அந்த வாரத்தைத் தேர்ந்தெடுத்ததே, கொசுத்தொல்லை குறைந்து, பிர்ச் இலைகள் மஞ்சளாகி, கோடையில் இருட்டாத இரவும் மறுபடி இருட்டத் தொடங்கியிருக்கும், துருவ ஒளி தெரிய வாய்ப்பிருக்கிறது என்பதால்தான். தங்கைக்கு அது பள்ளிக்காலத்திலிருந்தே ஆசை.

மலைக்குடில்களில் தங்குவோம், அங்கே மின்சாரம் இல்லை, விறகடுப்புதான். சரி, என் கேள்வி இதுதான்: வழியில் வரும் 1,150 மீட்டர் உயரக் கணவாயில் அப்போது பனி விழுந்தால், மலைநடை பழக்கமில்லாத தங்கையால் சமாளிக்க முடியுமா? அப்புறம், கூடாரமும் சுமக்க வேண்டுமா? போய்வந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.