காலையில் போனில் பார்த்த மெயில் மதியம் காணோம்

திருப்பூர் மெர்ச்சண்டைசர்

இங்கே சின்ன எக்ஸ்போர்ட் ஆபீஸ்களில் பெரும்பாலும் கம்பெனிக்கே ஒரு மெயில் ஐடிதான். பையர் (ஆர்டர் கொடுப்பவர்) அனுப்பும் டெக் பேக் (உடையின் அளவு, துணி விவரங்கள்), சாம்பிள் கமெண்ட்ஸ், பி.ஓ. (பர்ச்சேஸ் ஆர்டர்) எல்லாம் அதில்தான் வந்து விழும். எங்கள் ஆபீஸில் முதலாளி போனில் பார்ப்பார், அக்கவுண்ட்ஸ் அக்கா டெஸ்க்டாப்பில் பார்ப்பார், நான் லேப்டாப்பில். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. திடீரென்று மெயில்கள் மாயமாக ஆரம்பித்தன. முதலாளி காலையில் வீட்டிலிருந்தே வெப்மெயிலில் படித்த சாம்பிள் அப்ரூவலை நான் ஆபீஸ் வந்து தேடினால் இருக்காது. "நீதான் கை தவறி அழிச்சிருப்பே" என்பார். மெயில் சேவை விற்ற கம்பெனிக்குப் போன் போட்டால், "எங்க சைடுல எல்லாம் சரியா இருக்கு சார்" என்று ஒரே பதில். எரிச்சலாக வந்தாலும், பிறகு பார்த்தால் அவர்கள் சொன்னது உண்மைதான்.

டெஸ்க்டாப்பை ஃபார்மேட் செய்துகொடுத்த சர்வீஸ்காரர் அவுட்லுக் மெயில் மென்பொருளில் கணக்கை பாப்3 (சுருக்கமாக பாப்) என்ற, மெயிலைக் கம்ப்யூட்டருக்கு இறக்கிக்கொள்ளும் முறையில் போட்டுவிட்டுப் போயிருந்தார். 'சர்வரில் ஒரு பிரதியை விட்டு வை' என்ற கட்டத்தில் டிக்கும் இல்லை. பாப்3 வந்தது 1988இல். ஒருவருக்கு ஒரு கம்ப்யூட்டர், சர்வரில் இடமோ கொஞ்சம் என்றிருந்த காலம். இணைத்து, மெயிலை இறக்கி, சர்வரில் இருப்பதை அழித்துவிட்டு, இணைப்பைத் துண்டிப்பதுதான் அதன் பழக்கம். ஆக, அக்கா கம்ப்யூட்டரைப் போட்ட நிமிடமே அவுட்லுக் எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு சர்வரைக் காலி செய்துவிடும். அவர் பார்ப்பதோ பேங்க், ஷிப்பிங் மெயில்களை மட்டும். பையர் மெயில்கள் அத்தனையும் அவர் கம்ப்யூட்டரில், அவுட்லுக் மெயில்களைச் சேமித்து வைக்கும் ஒரு பிஎஸ்டி கோப்புக்குள் பத்திரமாகக் கிடந்தன. அங்கே போய்த் தேட யாருக்கும் தோன்றவில்லை.

டிக் போட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். மெயில் காணாமல் போவது நிற்கும், குழப்பம் நிற்காது. பாப்பில் நாம் அனுப்பும் பதில், அனுப்பிய கருவியிலேயே தங்கிவிடும். முதலாளி போனிலிருந்து ஒரு ரேட்டுக்கு ஒத்துக்கொண்டு பதில் போட்டிருப்பார். அது தெரியாமல் நான் அதே பையரிடம் வேறு ரேட் பேசிக்கொண்டிருப்பேன். யார் எதைப் படித்தார்கள் என்பதும் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தெரியாது.

அப்புறம் எல்லாக் கருவிகளிலும் ஐமேப் என்ற இன்னொரு முறைக்கு மாற்றினோம் (செட்டிங்கில் போர்ட் 993, எஸ்எஸ்எல் என்று போட வேண்டும்). இதில் மெயில் சர்வரிலேயே இருக்கும். படித்தது, பதில் போட்டது, அனுப்பியது எல்லாம் எங்கிருந்து பார்த்தாலும் ஒரே மாதிரி தெரியும். இதைப் புதுசு என்று நினைத்திருந்தேன். பார்த்தால் 1986இல் ஸ்டான்ஃபோர்டில் மார்க் கிறிஸ்பின் உருவாக்கியதாம். பாப்3ஐவிட மூத்தது!

மாற்றுகிறவர்களுக்கு ஒன்று: பழைய பாப் கணக்கை உடனே நீக்கிவிடாதீர்கள். ஐமேப் கணக்கைப் பக்கத்திலேயே சேர்த்து, பழைய மெயில்களை அதற்குள் இழுத்துப் போட்டு, அவை வெப்மெயிலிலும் தெரிகின்றனவா என்று பார்த்த பிறகு நீக்குங்கள். நிறைய இருந்தால் ராத்திரி ஓடவிட்டுப் போய்விடுவது நல்லது.

மதுரை

ஐமேப் போட்டாச்சு, இனிக் கவலை இல்லை என்று இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். என் மாமா ரிட்டயர் ஆனவர். போனில் இடம் இல்லை என்று எச்சரிக்கை வந்ததும் ஜிமெயில் ஆப்பில் பழைய மெயில்களைக் கொத்துக் கொத்தாக அழித்திருக்கிறார். "லேப்டாப்ல அப்படியேதானே இருக்கும்" என்று நம்பியிருக்கிறார். பெட்டி ஒன்றுதான், மாமா. போனில் அழித்தால் எல்லா இடத்திலும் போச்சு. ஜிமெயில் குப்பையில் 30 நாள்தான் வைத்திருக்கும். அதற்குள் தெரியவந்த இன்சூரன்ஸ் ரசீதுகளை மீட்டுவிட்டோம், முன்னாடி அழித்தவை போனவைதான்.

போனில் இடம்தான் பிரச்சினை என்றால், ஆப் செட்டிங்கில் எத்தனை நாள் மெயிலைப் போனில் வைக்க வேண்டும் என்பதைக் குறைக்கலாம். அதில் எந்த மெயிலும் அழியாது. முக்கியமானவற்றுக்குத் தனியாக பேக்கப் வேண்டும். ஐமேப்பையே பேக்கப் என்று நினைத்துவிடக் கூடாது.

கோவை, ஆடிட்டர் ஆபீஸ்

எங்கள் கதை வேறு. வேலையை விட்டுப் போன ஒருவருக்குத் தெரிந்த பாஸ்வேர்ட் என்பதால் மாற்றினோம். எல்லோரும் புதியதைப் போட்டுக்கொண்டார்கள். கொஞ்ச நேரம் வேலை செய்யும், பிறகு ஆபீஸில் யாருக்குமே மெயில் திறக்காது. ஆனால் மொபைல் டேட்டாவில் பார்த்தால் திறக்கும்! வைஃபை ரவுட்டரைக்கூட மாற்றிப் பார்த்தாயிற்று. கடைசியில் காரணம், பார்ட்னர் அறையில் சார்ஜில் கிடந்த ஒரு பழைய டேப்லெட். அது பழைய பாஸ்வேர்டை வைத்துக்கொண்டு சர்வரை விடாமல் தட்டிக்கொண்டே இருந்தது. யாரோ பாஸ்வேர்டை யூகித்து நுழையப் பார்க்கிறார்கள் என்று சர்வர் எங்கள் ஆபீஸ் இணைப்பின் ஐபி முகவரியையே (இணையத்தில் அதன் அடையாள எண்) பூட்டிவிட்டது.

ஜிமெயில் வைத்திருப்பவர்களுக்கு இந்த வேட்டை கொஞ்சம் சுலபம். கம்ப்யூட்டரில் ஜிமெயிலைத் திறந்து பக்கத்தின் அடியில் வலது மூலையில் 'டீடெயில்ஸ்' என்பதைத் தட்டினால், சமீபத்தில் அந்தக் கணக்கு எங்கிருந்தெல்லாம், பிரவுசரிலா மொபைலிலா பாப்பிலா ஐமேப்பிலா திறக்கப்பட்டது என்று வரும். சொந்த டொமைனில் மெயில் வைத்திருக்கும் எங்களுக்கு, எந்தெந்தக் கருவியில் கணக்கு இருக்கிறது என்று ஒரு நோட்டில் எழுதி வைப்பதுதான் வழி.

மெர்ச்சண்டைசர் தம்பி, உங்கள் சர்வீஸ்காரர் வேறு எந்தக் கம்ப்யூட்டரிலாவது பாப் போட்டுவைத்திருக்கிறாரா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். அந்த டிக் இல்லாமல் ஒன்று மிச்சம் இருந்தாலும், ஐமேப்பில் தெரியும் இன்பாக்ஸையும் அது காலி செய்துவிடும்.